அஞ்சு எம்எல்: காப்பகத்துக்குப் போகும் மருந்துப் பாட்டில் பற்றி ஒரு நீண்ட பதிவு

1/
பிள்ளையை காப்பகத்திலோ, ப்ளே ஸ்கூலிலோ, அங்கன்வாடியிலோ, பக்கத்து வீட்டு அக்காகிட்டயோ விட்டுட்டு வேலைக்குப் போறவங்களுக்கான பதிவு இது. கொஞ்சம் நீளம். பொறுமையா கடைசி வரைக்கும் படிங்க. இதில் நான் செஞ்ச தப்பு ஒண்ணும் இருக்கு. அதையும் மறைக்காம சொல்லிடறேன்.

2/
நான் வேலை பார்ப்பது ஒரு தாலுகா அரசு மருத்துவமனை. பனியன் கம்பெனிகள் நிறைந்த ஊர். காலை எட்டரைக்கு ஷிப்ட். ஒரு நாள் லீவு போட்டால் ஒரு நாள் சம்பளம் போச்சு. "காய்ச்சல் அடிச்சா பிள்ளையை அனுப்பாதீங்கம்மா" என்று ஓபியில் உட்கார்ந்து சொல்வது எனக்கு சுலபம். கேட்கிற அம்மாவுக்கு அது சுலபமில்லை. என் பையனும் மூணு வயசு வரை காப்பகத்தில் வளர்ந்தவன்தான். அவன் பையிலும் மருந்து பாட்டில் போட்டு அனுப்பியிருக்கேன். அதனால் யாரையும் குறை சொல்ல இதை எழுதலை.

3/
ஒரு நாள் சாயங்காலம் ஆறு மணி. காஷுவாலிட்டி ட்யூட்டி. ஒரு அம்மா, ஒரு அம்முச்சி, கூடவே காப்பகத்து ஆயாம்மா, மூணு பேரும் ஒரு குழந்தையைத் தூக்கிட்டு வந்தாங்க. (அடையாளம் தெரியக்கூடாதுன்னு சில விவரங்களை மாத்தியிருக்கேன்.) வயசு ஒண்ணே முக்கால். எடை 11 கிலோ. முந்தின நாள் காய்ச்சல், சளின்னு ஓபிக்கு வந்த குழந்தைதான். இப்போ மூணு தடவை வாந்தி. காய்ச்சல் இல்லை. முகம் வாடிப் போயிருந்தது.

"இன்னிக்கு என்னென்ன மருந்து குடுத்தீங்க?"

அம்மா: "காலையில எட்டு மணிக்கு காய்ச்சல் மருந்து குடுத்துட்டுத்தான் மேடம் கம்பெனிக்குப் போனேன்."

ஆயாம்மா: "நான் ஒண்ணுமே குடுக்கலீங்க."

4/
குழந்தையோட பையைத் திறந்து பார்த்தேன். ஒரு துணி, பால் பாட்டில், பிஸ்கட், ஒரு மருந்து பாட்டில், மடிச்ச ஓபி சீட்டு. மருந்து பாட்டில் புதுசு. 15 மி.லி. பாட்டில். உள்ளே இருந்தது மூணில் ஒரு பங்கு.

லேபிளைப் படிச்சேன். பாராசிட்டமால் டிராப்ஸ். ஒரு மி.லி.யில் 100 மி.கி.

"ஆயாம்மா, உங்களை யாரும் திட்ட மாட்டாங்க. எனக்கு எவ்வளவுன்னு மட்டும் தெரியணும். தெரிஞ்சாத்தான் வைத்தியம் பார்க்க முடியும்."

அந்தம்மா அழ ஆரம்பிச்சாங்க. "பதினொரு மணிக்கு ஒடம்பு கொதிச்சுதுங்க. அஞ்சு எம்எல் குடுத்தேன். திரும்ப மூணு மணிக்கு அஞ்சு எம்எல். சீட்டுல அப்படித்தானுங்க போட்டிருந்துச்சு."

5/
சீட்டைப் பிரிச்சேன். கையெழுத்து என்னோடது.

"பாராசிட்டமால் 5 மி.லி., காய்ச்சல் இருந்தால்."

அவ்வளவுதான் எழுதியிருந்தேன். சிரப்பா, டிராப்ஸா என்று எழுதலை. எத்தனை மி.கி. என்றும் எழுதலை. வரிசையில் நூறு பேர் நிற்கும்போது அப்படித்தான் எழுதிப் பழகியிருந்தேன். எங்க பார்மசியில் கொடுப்பது 5 மி.லி.க்கு 125 மி.கி. உள்ள சிரப். என் மனசில் இருந்தது அந்த பாட்டில். ஆனால் மனசில் இருந்தது சீட்டில் இல்லையே.

6/
மருத்துவமனை சிரப் வீட்டிலேயே இருந்திருக்கு. காப்பகத்துக்கு ஒண்ணு தனியா இருக்கட்டும்னு அப்பா மெடிக்கலுக்குப் போய், "சின்னக் குழந்தைக்குக் காய்ச்சல் மருந்து" என்று கேட்டிருக்கார். சின்னக் குழந்தை என்றதும் கடையில் டிராப்ஸ் எடுத்துக் கொடுத்திருக்காங்க. அவங்க பக்கத்திலிருந்து பார்த்தால் அது சரிதான்.

டிராப்ஸ் பாட்டிலோட வரும் பில்லரில் அதிகபட்சம் ஒரு மி.லி. வரைக்கும்தான் கோடு இருக்கும். ஆயாம்மா சொன்னதை அப்படியே தர்றேன்: "அஞ்சு தடவை உறிஞ்சி ஊத்தறதுக்குள்ள புள்ள துப்பிருமுங்க. அதான் வேற மருந்து மூடியில அளந்து ஒரே தடவையா குடுத்துட்டேன்."

ஒவ்வொருத்தரும் அவங்களுக்குத் தெரிஞ்ச வரையில் சரியாத்தான் செஞ்சிருக்காங்க. எல்லாம் சேர்ந்து தப்பா முடிஞ்சிருக்கு.

7/
கணக்கு பார்ப்போம். பயப்படாதீங்க, ஐந்தாம் வகுப்பு கணக்குதான்.

குழந்தைக்கு பாராசிட்டமால் ஒரு வேளைக்கு கிலோவுக்கு 10 முதல் 15 மி.கி. இந்தக் குழந்தை 11 கிலோ. அதாவது 110 முதல் 165 மி.கி. நான் நினைச்ச சிரப்பில் 5 மி.லி. என்றால் 125 மி.கி. சரியான அளவு.

டிராப்ஸில் அதே 5 மி.லி. என்றால் 500 மி.கி. நாலு மடங்கு. பெரியவங்க போடுற ஒரு முழு மாத்திரை.

காலையில் 125, பதினொண்ணுக்கு 500, மூணுக்கு 500. மொத்தம் 1125 மி.கி. ஒரு நாள் முழுக்க இந்தக் குழந்தைக்கு 660 மி.கி.யைத் தாண்டக்கூடாது. ஏழு மணி நேரத்தில் தாண்டியாச்சு. அது போக, இரண்டு வேளைக்கு நடுவில் குறைஞ்சது நாலு மணி நேரம் வேணும். எட்டுக்கும் பதினொண்ணுக்கும் மூணு மணி நேரம்தான். காலையில் அம்மா கொடுத்தது காப்பகத்தில் யாருக்கும் தெரியாது. கொண்டு வந்து விட்ட அம்முச்சிக்கே தெரியாது.

8/
பாராசிட்டமால் அளவோடு கொடுத்தால் நல்ல மருந்து. அளவு மீறினால் கல்லீரலைத் தாக்கும். இதில் ஒரு கெட்ட விஷயம் என்னன்னா, முதல் 24 மணி நேரம் குழந்தை கிட்டத்தட்ட நல்லாவே இருக்கும். கொஞ்சம் வாந்தி, கொஞ்சம் சோர்வு. "சரியாயிடுச்சு" என்று நாம வீட்டுக்குக் கூட்டிட்டுப் போயிடுவோம். கல்லீரல் பாதிப்பு அதுக்கப்புறம்தான் தெரிய வரும். மாற்று மருந்து இருக்கு, என்-அசிட்டைல்சிஸ்டைன் என்று பேர். ஆனால் சீக்கிரம் கொடுக்கணும். அதுக்கு உண்மை சீக்கிரம் தெரியணும்.

9/
மெடிக்கல் காலேஜ் குழந்தைகள் பிரிவுக்கு போன் போட்டேன். கணக்கைச் சொன்னேன். கிலோவுக்கு சுமார் 100 மி.கி. ஒரே நாளில். உயிருக்கு ஆபத்தான அளவை எட்டலை, ஆனாலும் விட முடியாது, அனுப்புங்கன்னு சொன்னாங்க. 108-ல் ஏத்தி அனுப்பினோம். கல்லீரல் ரத்தப் பரிசோதனை அன்னிக்கு ஒரு தடவை, மறுநாள் ஒரு தடவை. இரண்டும் நார்மல். குழந்தை மூணாம் நாள் வீட்டுக்குப் போயிடுச்சு.

அன்னிக்கு வாந்தி எடுக்காமல் இருந்திருந்தால்? காய்ச்சல் நீண்டு, இன்னொரு பாட்டில் வாங்கி, இதே கணக்கில் மூணு நாள் ஓடியிருந்தால்? அந்த ராத்திரி எனக்குத் தூக்கம் வரலை.

10/
சரி, இனி நீங்க செய்ய வேண்டியது. ஒண்ணொண்ணா சொல்றேன்.

முதல் கேள்வி: இந்த மருந்தை காப்பகத்தில்தான் கொடுக்கணுமா?

பெரும்பாலும் வேண்டியதில்லை. ஒரு நாளைக்கு ரெண்டு வேளை மருந்து என்றால் காலை ஏழு, ராத்திரி ஏழு. ரெண்டும் வீட்டிலேயே முடிஞ்சிடும். "குழந்தை பகல்ல காப்பகத்துல இருக்கும் டாக்டர், ரெண்டு வேளையா எழுத முடியுமா?" என்று சீட்டு எழுதும்போதே கேளுங்க. பல ஆன்டிபயாடிக்குகளில் அது முடியும். கேட்டால்தான் எங்களுக்கும் ஞாபகம் வரும். தயங்காம கேளுங்க.

எந்தப் புது மருந்தா இருந்தாலும் முதல் வேளையை வீட்டில் கொடுங்க. தடிப்பு, வீக்கம், மூச்சுத் திணறல்னு அலர்ஜி வந்தால் நீங்க பக்கத்தில் இருப்பீங்க.

11/
இரண்டாவது: லேபிளைப் படிங்க.

நம்ம கடைகளில் குழந்தைகளுக்கான பாராசிட்டமால் முக்கியமா மூணு விதமா கிடைக்குது.
டிராப்ஸ்: 1 மி.லி.யில் 100 மி.கி.
சிரப்: 5 மி.லி.யில் 120 அல்லது 125 மி.கி.
டபுள் ஸ்ட்ரெங்த் சிரப்: 5 மி.லி.யில் 250 மி.கி.

ஒரே பேர், ஒரே நிறம், கிட்டத்தட்ட ஒரே அட்டைப் பெட்டியில் மூணும் வரலாம். அதனால் "அஞ்சு எம்எல்" என்று மட்டும் யார் சொன்னாலும், அது நானாவே இருந்தாலும், "எந்த பாட்டில்ல அஞ்சு எம்எல்?" என்று திருப்பிக் கேளுங்க.

இன்னொண்ணு. மெபினமிக் ஆசிட், ஐபுப்ரோபன் கூட பாராசிட்டமால் கலந்த சிரப்பும் விற்குது. ஒரு பாட்டில் "காய்ச்சலுக்கு", இன்னொரு பாட்டில் "வலிக்கு" என்று ரெண்டும் கொடுத்தால் பாராசிட்டமால் ரெண்டு தடவை உள்ளே போகும். டெங்கு இருக்குமோன்னு சந்தேகப்படும் காய்ச்சலில் ஐபுப்ரோபன், மெபினமிக் ஆசிட் ரெண்டும் கூடாது. ரத்தக்கசிவை அதிகமாக்கும்.

12/
மூணாவது: ஸ்பூன் வேண்டாம்.

உங்க வீட்டு ஸ்பூனும் காப்பகத்து ஸ்பூனும் ஒரே அளவு கிடையாது. டீ ஸ்பூன் என்றால் 5 மி.லி., டேபிள் ஸ்பூன் என்றால் 15 மி.லி. என்பது புத்தகத்தில். அவசரத்தில் கைக்குக் கிடைக்கிற ஸ்பூனை எடுப்பாங்க.

மெடிக்கலில் 5 மி.லி. சிரிஞ்ச் ஒண்ணு சில ரூபாய்தான். ஊசியைக் கடையிலேயே கழட்டிடச் சொல்லுங்க. கொடுக்க வேண்டிய அளவில் மார்க்கர் பேனாவால் ஒரு கோடு போடுங்க. எழுதப் படிக்கத் தெரியாதவங்களும் கோடு வரைக்கும் இழுப்பாங்க. குழந்தையை உட்கார வெச்சு, கன்னத்தின் உள்பக்கமா கொஞ்சம் கொஞ்சமா விடணும். படுக்க வெச்சு, மூக்கைப் பிடிச்சு ஊத்தக்கூடாது. புரையேறி நுரையீரலுக்குள் போயிடும்.

பால் பாட்டிலில் கலந்து அனுப்பாதீங்க. பிள்ளை பாதி பால் குடிச்சுட்டு வெச்சிடும். பாதி மருந்து உள்ளே போச்சா இல்லையான்னு யாருக்கும் தெரியாது.

13/
நாலாவது: ஒரு துண்டுச் சீட்டு.

மருந்து கடையில் வாங்கின பாட்டிலிலேயே போகணும். வேற டப்பாவில் ஊத்தி அனுப்பக்கூடாது. பாட்டில் மேல் குழந்தை பேர் ஒட்டுங்க. கூட ஒரு சீட்டு:

குழந்தை பேர், எடை
மருந்து பேர், எத்தனை மி.கி. பாட்டில்
எத்தனை மி.லி.
எதுக்கு
எத்தனை மணிக்கு
வீட்டில் கடைசியா கொடுத்தது எத்தனை மணிக்கு
உங்க கையெழுத்து, போன் நம்பர்

இதில் கடைசிக்கு முந்தின வரிதான் உயிர். அந்த ஒரு வரி இருந்திருந்தால் அன்னிக்குப் பதினொரு மணி டோஸ் ஒரு மணி நேரம் தள்ளிப் போயிருக்கும். கொண்டு போய் விடறது தாத்தாவா, அம்முச்சியா, ஆட்டோ அண்ணனா யாரா இருந்தாலும் சீட்டு கூடவே போயிடும். வாய் வார்த்தை வழியிலேயே நின்னுடும்.

14/
இப்போ காப்பகம் நடத்துறவங்களுக்கும் ஆயாம்மாக்களுக்கும்.

சீட்டு இல்லாத மருந்தைக் கொடுக்காதீங்க. அம்மா கோவிச்சுக்கிட்டாலும் பரவாயில்லை, போன் போட்டுக் கேளுங்க.

நர்ஸ்களுக்கு நாங்க சொல்லிக் கொடுக்கிற அஞ்சு "சரி" இருக்கு. சரியான குழந்தையா, சரியான மருந்தா, சரியான அளவா, சரியான நேரமா, சரியான வழியா. கண்ணில் விட வேண்டிய சொட்டு மருந்தை வாயில் விட்ட கதை எல்லா ஊரிலும் இருக்கு. ஒரே பேரில் ரெண்டு குழந்தைகள் இருக்கும் காப்பகமும் எல்லா ஊரிலும் இருக்கு.

மருந்து கொடுப்பது ஒரே ஆளின் பொறுப்பா இருக்கட்டும். இன்னொருத்தர் பக்கத்தில் நின்னு பாட்டிலையும் சீட்டையும் பார்க்கட்டும். கொடுத்த உடனே நோட்டில் நேரத்தோட எழுதுங்க. முன்கூட்டியே டிக் போட்டு வைக்காதீங்க, அப்புறம் எழுதிக்கலாம்னும் விடாதீங்க.

15/
மருந்து குழந்தையோட பையில் இருக்கக்கூடாது. வந்த உடனே வாங்கி, உயரமான அலமாரியில் வெச்சுப் பூட்டணும். ரெண்டு வயசுப் பிள்ளை இன்னொரு பிள்ளையோட பையைத் திறக்க ஒரு நிமிஷம் போதும். சிரப் எல்லாம் இனிப்பு வேற. "மிட்டாய் தர்றேன் வா" என்று சொல்லி மருந்து கொடுக்கவே கொடுக்காதீங்க. மிட்டாய்னு நம்பி, யாரும் இல்லாதப்போ முழு பாட்டிலையும் குடிச்ச பிள்ளைகளை நான் பார்த்திருக்கேன்.

ஆன்டிபயாடிக் பவுடர் பாட்டில் என்றால், காய்ச்சி ஆறின தண்ணீரைக் கோடு வரைக்கும் ஊத்திக் கலக்கணும். கலந்த தேதியை பாட்டிலில் எழுதணும். பெரும்பாலானவை கலந்த பிறகு ஏழு நாள்தான். சிலதை ஃப்ரிட்ஜில் வைக்கணும், லேபிளில் போட்டிருக்கும். ஒவ்வொரு தடவையும் குலுக்கணும். குலுக்கலைன்னா மேலே வெறும் தண்ணி, அடியில் மொத்த மருந்து.

ஒரு வேளை மறந்துட்டா, அடுத்த வேளைக்கு ரெண்டு பங்கா கொடுக்காதீங்க. கொடுத்ததும் வாந்தி எடுத்தா நீங்களா திரும்பக் கொடுக்காதீங்க. ரெண்டுக்கும் அம்மாவுக்கு போன்.

16/
இதைக் கொஞ்சம் சத்தமா சொல்றேன். தூங்க வைக்க சளி மருந்து கொடுக்காதீங்க.

"மதியம் சளி மருந்து குடுத்தா பிள்ளை நல்லா தூங்கும்" என்பது சில இடங்களில் நடக்குது. சில வீடுகளிலும் நடக்குது. அந்தத் தூக்கம் மருந்தோட பக்கவிளைவு. சின்னப் பிள்ளைக்கு அளவு மீறினால் மூச்சு மந்தமாகலாம், வலிப்பு வரலாம்.

2025-ல் மத்தியப் பிரதேசம் சிந்த்வாராவில் இருமல் சிரப் குடித்த பிள்ளைகள் சிறுநீரகம் பழுதாகி இறந்ததை மறந்திருக்க மாட்டீங்க. அந்த சிரப் தயாரானது நம்ம காஞ்சிபுரம் மாவட்டத்தில். அதில் டைஎத்திலீன் கிளைகால் என்ற விஷம் கலந்திருந்தது. அதன் பிறகு மத்திய சுகாதாரத் துறை அந்த அக்டோபரில் மறுபடியும் அறிவுறுத்தியது: 2 வயசுக்குக் கீழே இருமல், சளி மருந்து கூடாது, 5 வயசுக்குக் கீழேயும் பொதுவாகப் பரிந்துரைப்பதில்லை. சாதாரண சளி தானா சரியாகும். மூக்கடைப்புக்கு உப்புநீர்ச் சொட்டு, குடிக்க வெதுவெதுப்பா ஏதாவது, போதும்.

17/
அங்கன்வாடிக்குப் போகும் பிள்ளைகளுக்கு அரசே தரும் மருந்துகள் இருக்கு. ஆறு மாசம் முதல் அஞ்சு வயசு வரை வாரம் இரண்டு தடவை 1 மி.லி. இரும்புச்சத்து சிரப். ஆறு மாசத்துக்கு ஒரு தடவை வைட்டமின் ஏ. குடற்புழு நீக்கும் அல்பெண்டசோல், ஒண்ணு முதல் இரண்டு வயசு வரை அரை மாத்திரை, அதுக்கு மேல் ஒரு மாத்திரை. நல்ல மருந்துகள், கட்டாயம் கொடுங்க. ரெண்டு விஷயம் மட்டும் அங்கன்வாடி டீச்சர்கிட்ட சொல்லுங்க: தனியார் டாக்டர் ஏற்கெனவே இதே மருந்தைக் கொடுத்திருக்காரா? இன்னிக்குப் பிள்ளைக்கு உடம்பு சரியில்லையா? உடம்பு சரியில்லைன்னா குடற்புழு மாத்திரையை விடுபட்டவங்களுக்கான நாளில் வாங்கிக்கலாம். சின்னப் பிள்ளைக்கு மாத்திரையை நல்லா பொடிச்சுத் தண்ணியில் கலந்துதான் கொடுக்கணும். முழுசா கொடுத்தா தொண்டையில் சிக்கும்.

18/
வீசிங் இருக்கும் பிள்ளை, வலிப்பு வந்த பிள்ளை என்றால் அவங்க மருந்து காப்பகத்தில் இருந்தே ஆகணும். இன்ஹேலர் மட்டும் போதாது, ஸ்பேசரும் மாஸ்க்கும் கூட இருக்கணும். எப்படிப் போடணும்னு ஒரு நாள் நேரில் நின்னு காட்டிக் கொடுங்க.

வலிப்பு வந்தால்: தரையில் ஒருக்களிச்சுப் படுக்க வைங்க. வாயில் ஸ்பூன், தண்ணி, மருந்து எதுவும் கூடாது. கையில் இரும்பு கொடுக்கிற வேலையும் வேண்டாம். மணியைப் பாருங்க. 108-க்கு அடிங்க. அஞ்சு நிமிஷத்தைத் தாண்டினால் அது பெரிய அவசரம்.

காய்ச்சலோட பிள்ளை துவண்டு கிடந்தா, எதுவும் குடிக்க மறுத்தா, மூச்சு வாங்கினா, ஆறு மணி நேரமா சிறுநீர் போகலைன்னா மருந்து கொடுத்துக் காத்திருக்காதீங்க. நேரா ஆஸ்பத்திரி.

19/
அளவு மாறிப் போச்சா? வேற பிள்ளை மருந்தைக் கொடுத்துட்டீங்களா? உப்புத் தண்ணி கொடுத்தோ, விரலை விட்டோ வாந்தி எடுக்க வைக்காதீங்க. பாட்டிலை எடுத்துக்கோங்க. எத்தனை மணிக்கு, எவ்வளவு, இது ரெண்டையும் ஒரு பேப்பரில் எழுதுங்க. கிளம்பி வாங்க. பிள்ளை பார்க்க நல்லாத்தான் இருக்கேன்னு உட்கார்ந்துடாதீங்க.

20/
கடைசியா அந்த ஆயாம்மா விஷயம்.

மறுநாளே அவங்களை வேலையை விட்டு நிறுத்தப் போறதா காப்பகத்து ஓனர் சொன்னார். நான் ட்யூட்டி முடிஞ்சு நேரில் போனேன். என் ஓபி சீட்டைக் காட்டினேன். "அவங்க சீட்டில் இருந்ததை அப்படியே செஞ்சிருக்காங்க. சீட்டில் பாதியை எழுதாம விட்டது நான். நிறுத்தறதா இருந்தா என்னைத்தான் நிறுத்தணும்" என்றேன். குழந்தையோட அம்மாவும் வந்திருந்தாங்க. அவங்க கிட்டயும் மன்னிப்பு கேட்டேன். அந்தம்மா ரொம்ப நேரம் பேசலை. அப்புறம், "இனிமே எல்லாருக்கும் ஒழுங்கா எழுதிக் குடுங்க மேடம்" என்று மட்டும் சொன்னாங்க.

21/
யோசிச்சுப் பாருங்க. ஆயாம்மா முதலில் "ஒண்ணுமே குடுக்கலீங்க" என்று ஏன் சொன்னாங்க? வேலை போயிடும்னு பயம். அந்தப் பயத்தில் கடைசி வரை வாயைத் திறக்காம இருந்திருந்தால், சாதாரண வாந்தின்னு நினைச்சு ஓஆர்எஸ் கொடுத்து அனுப்பியிருப்பேன். தப்பு நடந்தா உடனே சொல்லலாம், சொன்னா யாரும் தொலைச்சுக் கட்ட மாட்டாங்க என்ற தைரியத்தை உங்க பிள்ளையைப் பார்த்துக்கிறவங்களுக்குக் கொடுத்து வைங்க. திட்டறதை அப்புறம் பார்த்துக்கலாம்.

22/
நான் இப்போ ஒவ்வொரு குழந்தை சீட்டிலும் எடை, சிரப்பா டிராப்ஸா, எத்தனை மி.கி., எத்தனை மி.லி., எல்லாம் எழுதறேன். ஒரு சீட்டுக்கு அரை நிமிஷம் கூடுதலா ஆகுது. வரிசை நீளுது. சத்தம் போடறாங்க. பரவாயில்லை. நான் எழுத மறந்தா கேளுங்க, கோவிச்சுக்க மாட்டேன்.

அந்த ஆயாம்மா இன்னும் அங்கேதான் இருக்காங்க. போன மாசம் ஒரு பிள்ளைக்குத் தடுப்பூசி போட வந்தப்போ பார்த்தேன். "இப்பல்லாம் வாசல்லயே கேட்டுப்புடறேனுங்க, ஊட்டுல எத்தன மணிக்கு குடுத்தீங்கன்னு" என்றாங்க.

23/
இன்னிக்கு ராத்திரி உங்க பிள்ளை பையைத் திறந்து பாருங்க. உள்ளே மருந்து பாட்டில் இருந்தா லேபிளை ஒரு தடவை படிங்க. டிராப்ஸா, சிரப்பா? எத்தனை மி.கி.? காலாவதி ஆகலையே? சந்தேகம் இருந்தா பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேளுங்க, 104-க்கு அடிச்சும் கேட்கலாம்.

படிச்சு முடிச்சதும், உங்க பிள்ளையைப் பகலில் பார்த்துக்கிறவங்களுக்கு இதை அனுப்பிடுங்க. படிக்கத் தெரியாதவங்களா இருந்தா, உட்கார்ந்து படிச்சுக் காட்டுங்க.